பாஸ்வேர்டுல கை வைக்கிறதுக்கு முன்னாடி எரரோட கடைசி வரிய படிங்க

கேள்வி: ஸ்பிரிங் பூட்ல (ஜாவா ஃப்ரேம்வொர்க்) எழுதுன ஆப், டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல் 8. லேப்டாப்ல நேரா ஓட்டுனா நல்லா ஓடுது. அதையே டாக்கர் கம்போஸ்ல (பல கன்டெய்னர ஒரே ஃபைல் வச்சு கிளப்புற டூல்) ரெண்டு கன்டெய்னரா, அதாவது ஆப் ஒரு தனிப் பெட்டி, டேட்டாபேஸ் ஒரு தனிப் பெட்டின்னு போட்டு சர்வர்ல ஏத்துனா ஸ்டார்ட் ஆகும்போதே 'கம்யூனிகேஷன்ஸ் லிங்க் ஃபெயிலியர்'னு விழுந்துடுது. பாஸ்வேர்ட மூணு தடவ மாத்திட்டேன், ஒண்ணும் நடக்கல. என்ன பண்றது?

முதல்ல அந்த பாஸ்வேர்ட விடுங்க பாஸ், அது மேல தப்பு இருக்க வாய்ப்பே கம்மி.

இந்த எரர் நூறு வரிக்கு மேல கொட்டும், அந்த பீன் (ஸ்பிரிங் உருவாக்குற ஆப்ஜெக்ட்) உருவாக்க முடியல, அதனால இந்த பீனும் முடியலன்னு ஒரே ஒப்பாரி, செத்தது யாருன்னு கடைசில தான் தெரியும். அதனால கீழ இருந்து மேல படிங்க, கடைசியா வர்ற 'காஸ்டு பை' வரி என்ன சொல்லுதுன்னு பாருங்க. 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு'ன்னா அந்த மெஷின் வரைக்கும் போயாச்சு, ஆனா அந்த போர்ட்ல (சர்வர் காத்திருக்க வேண்டிய வாசல் நம்பர்) கேக்க ஆளில்ல. 'அன்நோன் ஹோஸ்ட்'னா பேரே தப்பு. ரொம்ப நேரம் தொங்கிட்டு 'டைம்டு அவுட்'னு வந்தா பெரும்பாலும் நடுவுல ஃபயர்வால் முழுங்குது. இந்த மூணுலயும் பேச்சு பாஸ்வேர்டு வரைக்கும் போகவே இல்ல! பாஸ்வேர்டு தப்புன்னா மைஎஸ்க்யூஎல் தெளிவா 'ஆக்சஸ் டினைடு'ன்னு 1045 நம்பரோட சொல்லிடும், டேட்டாபேஸ் பேரு தப்புன்னா 1049. "கடைசி பாக்கெட் 0 மில்லிசெகண்டுக்கு முன்னாடி அனுப்புனேன்"னு ஒரு வரி வரும் பாருங்க, அத பாத்து நெட்வொர்க் ஸ்லோன்னு நினைச்சு டைம்அவுட்ட ஏத்துறவங்க நிறைய பேரு. சர்வர்கிட்ட இருந்து பதிலே வரலங்கறது தான் அதுக்கு அர்த்தம்.

உங்க கேஸ்ல நான் பந்தயம் கட்டுறது 'ரெஃப்யூஸ்டு' தான். லேப்டாப்ல ஜேடிபிசி யூஆர்எல்ல, அதாவது ஆப் டேட்டாபேஸ தேடிப் போற முகவரில, லோக்கல்ஹோஸ்ட் 3306னு வச்சிருப்பீங்க, அங்க ஆப்பும் டேட்டாபேஸும் ஒரே வீட்ல இருந்துச்சு. கன்டெய்னருக்குள்ள லோக்கல்ஹோஸ்ட்னா அந்த கன்டெய்னரே தான், ஆப் தன்னோட வீட்டுக்குள்ளயே மைஎஸ்க்யூஎல்ல தேடிட்டு இருக்கு. கம்போஸ் ஃபைல்ல டேட்டாபேஸ் சர்வீஸுக்கு என்ன பேரு வச்சீங்களோ, 'டிபி'ன்னு வச்சிருந்தா 'டிபி', அது தான் ஹோஸ்ட். இன்னொன்னு, போர்ட்ஸ்ல 3307:3306ன்னு போட்டிருந்தா அந்த 3307 வெளில இருந்து வர்றவங்களுக்கு, கன்டெய்னருக்கு கன்டெய்னர் பேசும்போது 3306 தான். டெஸ்ட் பண்றதா இருந்தாலும் ஆப் கன்டெய்னருக்குள்ள போய் அங்கேருந்து தட்டிப் பாருங்க, வெளில சர்வர்ல டெல்நெட் போட்டு கனெக்ட் ஆச்சுன்னா அது சாட்சியே இல்ல.

இத சரி பண்ணியும் முதல் தடவ விழுந்து, கையால ரீஸ்டார்ட் பண்ணா மட்டும் ஓடுதுன்னா அது நேரப் பிரச்சனை. கம்போஸ் ஃபைல்ல, எதுக்கு அப்புறம் எது கிளம்பணும்னு சொல்ற 'டிபெண்ட்ஸ் ஆன்' போட்டுட்டேனேம்பீங்க. அத சும்மா பேரு மட்டும் போட்டு விட்டா டேட்டாபேஸ் கன்டெய்னர் கிளம்புற வரைக்கும் தான் காத்திருக்கும், மைஎஸ்க்யூஎல் ரெடி ஆகுற வரைக்கும் இல்ல. இங்க ஒரு வேடிக்கை இருக்கு, புது வால்யூமோட (டேட்டாபேஸ் தன் டேட்டாவ வச்சுக்குற இடம்) கிளப்பிட்டு டேட்டாபேஸ் லாக்க பாருங்க, எக்ஸ் பிளகின்னு வர்ற வரிய விட்டுட்டா 'ரெடி ஃபார் கனெக்ஷன்ஸ்'ங்கற வரி ரெண்டு தடவ வரும். முதல் வரியோட கடைசில போர்ட் 0, ரெண்டாவதுல தான் போர்ட் 3306. முதல்ல வர்றது யூசர், டேட்டாபேஸ் எல்லாம் உருவாக்குறதுக்காக அந்த மைஎஸ்க்யூஎல் இமேஜ் (கன்டெய்னர் உருவாகுற அச்சு) தற்காலிகமா ஓட்டுற சர்வர், வெளில இருந்து யாரும் அதுகிட்ட பேச முடியாது, வேலைய முடிச்சுட்டு நின்னு மறுபடி கிளம்பும். உங்க ஆப் சரியா அந்த இடைவெளில போய் முட்டுது.

அதனால டேட்டாபேஸ் சர்வீஸுக்கு ஹெல்த்செக் (ரெடியான்னு அப்பப்ப சோதிக்கிற கமாண்டு) போட்டு, டிபெண்ட்ஸ் ஆன்ல கண்டிஷனா 'சர்வீஸ் ஹெல்தி' குடுங்க. ஹெல்த்செக்ல எல்லாரும் மைஎஸ்க்யூஎல்அட்மின் பிங் போடுவாங்க, தப்பில்ல, ஆனா ஹோஸ்ட்ட 127.0.0.1ன்னு எழுதுங்க. லோக்கல்ஹோஸ்ட்னு எழுதுனா யூனிக்ஸ் சாக்கெட் வழியா (நெட்வொர்க் போர்ட் இல்லாம உள்ளுக்குள்ளயே பேசுற வழி) போகும், அந்த தற்காலிக சர்வருக்கே பிங் கிடைச்சு ஹெல்தின்னு பச்சைக்கொடி காட்டிடும். அந்த பிங் பாஸ்வேர்டு தப்பா இருந்தாலும் சர்வர் உயிரோட இருந்தா ஓகேன்னு தான் சொல்லும், அத நம்பி பாஸ்வேர்டு சரின்னு முடிவு பண்ணாதீங்க.

இப்ப நீங்க மூணு தடவ மாத்துன பாஸ்வேர்டுக்கு வருவோம், ஏன்னா மேல சொன்னதெல்லாம் சரி பண்ணதும் அடுத்து 1045 வரும்னு தோணுது. கம்போஸ்ல குடுக்குற பாஸ்வேர்ட அந்த இமேஜ் வால்யூம் காலியா இருக்கும்போது, அதாவது முதல் தடவ மட்டும் தான் எடுத்துக்கும். அப்புறம் நீங்க ஃபைல்ல எத்தன தடவ மாத்துனாலும் உள்ள இருக்கறது முதல்ல குடுத்த பழசு தான். நானே இதுல ஒரு சாயங்காலம் முழுக்க தொலைச்சிருக்கேன், ஃபைல்லயும் ஆப்லயும் ஒரே பாஸ்வேர்டு, எழுத்துக்கு எழுத்து பாத்தாச்சு, இருந்தும் டினைடு, கடுப்பாகி காபி குடிக்கப் போன எடத்துல தான் வால்யூம் ஞாபகம் வந்துச்சு. பழைய பாஸ்வேர்டு தெரிஞ்சா உள்ள போய் ஆல்டர் யூசர் போட்டு மாத்துங்க. வால்யூமோட அழிச்சுட்டு புதுசா கிளப்பலாம் தான், ஆனா டேட்டாவும் சேந்து போயிடும், டெஸ்ட் டேட்டா மட்டும் இருந்தா பண்ணுங்க. பாஸ்வேர்டுல டாலர் குறி இருந்தா கம்போஸ் ஃபைல்ல அத ரெண்டு தடவ எழுதணும், இல்லன்னா அத வேரியபிள்னு நினைச்சு பாதிய முழுங்கிடும்.

யூசர் சரியா இருந்து 'பப்ளிக் கீ ரெட்ரீவல்'னு ஒண்ணு அழுதுச்சுன்னா அது மைஎஸ்க்யூஎல் 8ல லாகின் முறை மாறுனதால வர்றது, ஜேடிபிசி யூஆர்எல்ல அலவ் பப்ளிக் கீ ரெட்ரீவல் ட்ரூன்னு சேத்தா போயிடும். ரெண்டு கன்டெய்னரும் ஒரே சர்வருக்குள்ள பேசிக்கிறப்ப இது பரவால்ல, டேட்டாபேஸ் வேற ஊர்ல இருந்தா டிஎல்எஸ் (பேச்ச என்கிரிப்ட் பண்ற முறை) போட்டுக்கங்க.