ஒரே தபால்தலைக்கு இரண்டு நண்பர்கள்: இணைய ஏலக் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் சேகரிப்பாளர் குழுவிலுள்ள நண்பர் ஒருவரும் நானும் ஈபே என்ற இணைய ஏலத் தளத்தில் ஒரே தபால்தலையை ஏலம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். நான் ஒதுங்கிக்கொள்வதுதான் மரியாதையா?

பதில்: ஒதுங்க வேண்டியதில்லை. ஏலத்தில் எதிரெதிரே நிற்பதால் நட்பு கெடாது. வீம்புக்கு விலையை ஏற்றினால்தான் கெடும். அந்தப் பொருளுக்கு எவ்வளவு வரை தரலாம் என்று முன்பே முடிவுசெய்து, அந்த உச்சத் தொகையை ஒரே தடவையில் பதிந்துவிட்டால் வீம்புக்கு இடமே இருக்காது.

ஈபே உங்கள் உச்சத் தொகையைப் பிறருக்குக் காட்டாது. தேவைப்படும் அளவுக்கு மட்டும் உங்கள் சார்பில் படிப்படியாக ஏற்றும். நண்பரின் உச்சம் 80 டாலர், உங்களுடையது 120 என்றால், நீங்கள் செலுத்துவது 81 மட்டுமே. 25 முதல் 99.99 டாலர் வரை ஒரு படி, அதாவது குறைந்தபட்ச ஏற்றம், 1 டாலர். இருவரும் ஒரே தொகையைப் பதிந்திருந்தால் முந்திப் பதிந்தவருக்குத்தான் பொருள். பலர் 50, 100 என்று முழு எண்ணில் நிறுத்துவதால், 100க்குப் பதில் 101.37 என்று பதிவது பயன் தரும். 100 டாலருக்கு மேல் படி 2.50 ஆயிற்றே என்று தயங்க வேண்டாம். உங்கள் தொகை திரையில் தெரியும் விலையைவிட ஒரு படி கூடுதலாக இருந்தால் போதும். மறைந்திருக்கும் உச்சத்தை ஒரு காசு தாண்டினாலும் வெற்றி உங்களுக்கே.

ஏல நிறுவனங்களின் தளங்களில், வென்ற விலைமேல் சதவீதமாகச் சேரும் வாங்குபவர் கட்டணம் தனி. அது 20 சதவீதம், அனுப்பும் செலவு 15 டாலர், உங்கள் மொத்த வரம்பு 150 என்று வைத்துக்கொள்வோம். 150இல் 15ஐக் கழித்து 1.20ஆல் வகுத்தால் 112.50. அதற்கு மேல் கேட்கக்கூடாது. வரி உண்டென்றால் அதையும் முதலிலேயே கழியுங்கள். ஏலம் சூடேறிய பிறகு இந்தக் கணக்கைப் போட்டால் விடை எப்போதும் ஆசைக்குச் சாதகமாகவே வரும்.

கேள்வி: கடைசி நொடியில் கேட்டுத் தட்டிக்கொண்டு போகும் ஸ்னைப்பிங் முறையானதா?

பதில்: முறையானதுதான், ஈபே அதை அனுமதிக்கிறது. சொன்ன நேரத்தில் ஏலம் சட்டென்று முடிவதால், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுபவருக்குப் பதில் கொடுக்க நேரம் கிடைப்பதில்லை. கடைசி நேரக் கேட்பு வந்தால் முடியும் நேரத்தை நீட்டிக்கும் தளங்களில் இந்த உத்தி அவ்வளவாக எடுபடாது. பொருளியலாளர்கள் ஆல்வின் ராத், ஆக்செல் ஓக்கன்ஃபெல்ஸ் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், நேரத்தை நீட்டித்த அன்றைய அமேசான் ஏலங்களைவிட ஈபேயில்தான் கடைசி நேரக் கேட்பு மிக அதிகம் என்று கண்டார்கள்.

உண்மையான உச்சத்தை முன்பே பதிந்தவரை ஸ்னைப்பர் வெல்ல வேண்டுமானால், அதற்கு மேல் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆகவே தோற்றபின் குழுவில் புலம்புவது நியாயமில்லை. கையால் செய்வதானால் ஐந்து நிமிடம் முன்பே உள்நுழைந்து, தொகையைத் தட்டச்சு செய்து வைத்து, ஏழெட்டு நொடி இருக்கும்போது உறுதிசெய்யுங்கள். இரண்டு நொடிக்குக் காத்திருந்தால் இணையம் சற்றுத் தாமதித்தாலே போயிற்று.

கேள்வி: "இதை நீ விட்டுக்கொடு, அடுத்ததை நான் விடுகிறேன்" என்று நண்பர் கேட்கிறார். சரியா?

பதில்: கூடவே கூடாது. விற்பவருக்கு வரவேண்டிய விலையைக் குறைக்க நீங்கள் செய்யும் கூட்டு அது. பல நாடுகளில் சட்டவிரோதம். 1990களில் நியூயார்க்கில் 11 தபால்தலை வியாபாரிகள் இப்படிக் கூட்டுச் சேர்ந்தனர். முதலில் தங்களுக்குள் ரகசிய ஏலம் நடத்தி, அதில் வென்ற தொகை வரை கூட்டின் சார்பில் ஒருவர் மட்டும் வெளி ஏலத்தில் கேட்பார். மிச்சமான பணத்தைப் பிறகு பங்கிட்டுக்கொண்டனர். அது வழக்கில் போய் முடிந்தது. பிரிட்டனில், ஏலத்தில் கேட்காமலிருக்க ஒருவருக்கு வியாபாரி ஏதேனும் தருவதை 1927ஆம் ஆண்டுச் சட்டமே குற்றமாக்கியது.

நீங்களாகவே "இது எனக்கு அவ்வளவு முக்கியமில்லை" என்று முடிவெடுத்து, எதையும் எதிர்பாராமல் விலகுவது வேறு. ஆனால் அதை நண்பரிடம் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். சொன்னால் அவரும் பதிலுக்கு விட்டுத்தர நினைப்பார், பேரம் அங்கேதான் தொடங்குகிறது.

கேள்வி: நடப்பிலுள்ள ஏலத்தின் இணைப்பைக் குழுவில் பகிரலாமா?

பதில்: முடியும்வரை பகிராதீர்கள். தலைப்பில் எழுத்துப்பிழையோடு கிடந்த அரிய பொருளைத் தேடிக் கண்டுபிடித்து ஒருவர் சத்தமில்லாமல் காத்திருக்கலாம். ஒரு விதிவிலக்கு உண்டு: பொருள் போலி என்று உறுதியாகத் தெரிந்தால், காரணத்தோடு உடனே சொல்லுங்கள். அதை வாங்கும் ஆசையை வைத்துக்கொண்டு "போலி போலத் தெரிகிறது" என்று கிளப்பிவிடுவது மன்னிக்க முடியாதது.

கேள்வி: எதிராளியின் உச்சத்தை அறியப் பெரிய தொகையைப் பதிந்து, பிறகு திரும்பப் பெறலாமா?

பதில்: விதிமீறல். தொகையைத் தவறாகத் தட்டியது, பொருளின் விவரம் பெரிதாக மாறியது, விற்பவரைத் தொடர்புகொள்ள முடியாதது ஆகிய காரணங்களுக்கே ஈபே திரும்பப் பெற விடுகிறது. ஏலம் முடிய 12 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால், பதிந்த ஒரு மணி நேரத்துக்குள் திரும்பப் பெற வேண்டும். உண்மையிலேயே 99.50க்குப் பதில் 9950 என்று தட்டிவிட்டால், உடனே திரும்பப் பெற்றுச் சரியான தொகையைக் கையோடு பதிந்துவிடுங்கள்.