உலோகமின்றி ஃபீனால்

கேள்வி: பாலேடியம், தாமிரம் போன்ற உலோக வினையூக்கிகள் இல்லாமல் ஃபீனால்களை (பென்சீன் வளையத்தில் OH தொகுதி நேரடியாக இணைந்த சேர்மங்களை) தயாரிக்க முடியுமா? அதற்கு ஏன் இவ்வளவு அக்கறை காட்டுகிறார்கள்?

பதில்: முடியும். அரைல் போரானிக் அமிலத்துடன் (பென்சீன் வளையத்தோடு போரான் இணைந்த சேர்மம்) ஹைட்ரஜன் பெராக்சைடைச் சேர்த்தால் அறை வெப்பநிலையிலேயே வினை நடக்கும். பெராக்சைடின் ஆக்சிஜன் முதலில் போரானுடன் பிணைய, ஆக்சிஜன்–ஆக்சிஜன் பிணைப்பு முறியும்போதே பென்சீன் வளையம் போரானை விட்டு ஆக்சிஜனுக்கு இடம்பெயர்கிறது. பின்னர் நீராற்பகுப்பில், அதாவது நீரால் பிணைப்பு முறியும்போது, ஃபீனாலும் போரிக் அமிலமும் பிரிகின்றன. வாய்வழி மருந்துகளில் பாலேடிய எச்சத்துக்குப் பொதுவான வரம்பு பத்து லட்சத்தில் 10 பங்குதான் என்பதால், அதை நீக்கும் செலவும் உழைப்பும் இம்முறையில் மிச்சமாகின்றன. ஆனால், அந்தப் போரானிக் அமிலத்தைத் தயாரிப்பதற்கே சில வேளைகளில் பாலேடியம் தேவைப்படுகிறது. அப்போது ‘உலோகமற்ற’ என்ற அடைமொழி, கண்டிப்பாகச் சொன்னால், கடைசிப் படிநிலைக்கு மட்டுமே பொருந்தும்.