திருகோணமலையில் தரம் 4 பிள்ளைகளை ஒரு தவணையில் எங்கெல்லாம் அழைத்துச் செல்லலாம்? பாடம் பின்தங்காதா?

இடமாற்றத்தில் திருகோணமலைக்கு வந்து தரம் 4 வகுப்பைப் பொறுப்பேற்றிருப்பதாகவும், இரண்டாம் தவணையில் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்லலாம், அதனால் பாடம் பின்தங்கிவிடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் இதே ஊரில் நீண்ட காலமாக ஆரம்பப் பிரிவில் கற்பிக்கிறேன். தூர இடங்களை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். பிரெட்ரிக் கோட்டை, கன்னியா வெந்நீர்க் கிணறுகள், திருக்கடலூர்க் கடற்கரை ஆகிய மூன்றும் ஒரு தவணைக்குத் தாராளம். அவற்றில் ஒன்றுக்காவது இரண்டு முறை போங்கள்.

தூரம் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் பஸ் பிடித்து வெளி மாவட்டத்துக்குச் சுற்றுலா போனோம். அதிகாலை மூன்று மணிக்குப் புறப்பட்டு நள்ளிரவில் திரும்பினோம். ஒரு பிள்ளை வரவில்லை, காய்ச்சல் என்றார்கள். மறுநாள் "சுற்றுலாவில் நான் கண்டவை" என்று எழுதச் சொன்னேன். அவளும் எழுதினாள், போகாத இடத்தைப் பற்றி, பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து. நான் அதற்குச் சரி போட்டுக் கொடுத்தேன். காய்ச்சல் இல்லை, பஸ் காசு கட்ட வழியில்லை என்பது இரண்டு வாரம் கழித்தே எனக்குத் தெரிந்தது. முன்பே விசாரித்திருக்க வேண்டியது நான்தான். அதன்பின் பெற்றோரிடம் காசு கேட்கும் பயணம் எதையும் என் வகுப்புக்கு நான் ஏற்பாடு செய்ததில்லை.

கோட்டைக்கு நடந்தே போனோம். முதல் முறை போனபோது பிள்ளைகளின் கண்ணில் பட்டவை மான்கள் மட்டுமே. பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் ஆட்கள் நடுவே அச்சமின்றி நடமாடும். ஐந்து குழுவாகப் பிரித்து மான்களை எண்ணச் சொன்னேன். ஐந்து குழுவும் ஐந்து எண்ணிக்கை சொன்னார்கள், 38 முதல் 61 வரை. யார் சொன்னது சரி என்று வகுப்பில் பெரிய வாக்குவாதம். நான் தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டு நாள் விவாதித்து அவர்களே காரணத்தைக் கண்டுபிடித்தார்கள்: மான் நடந்துகொண்டே இருக்கிறது, ஒரே மானை இரண்டு குழு எண்ணியிருக்கிறது. அடுத்த முறை ஒவ்வொரு குழுவும் ஓர் இடத்தில் நின்று, விசில் ஊதியதும் தன் எல்லைக்குள் நிற்பவற்றை மட்டும் எண்ணி, எல்லாவற்றையும் கூட்டுவது என்று முடிவானது. இரண்டாவது பயணத்தில் அப்படியே செய்தார்கள். எண்ணுவது எப்படி என்பதை அவர்களாகவே யோசித்து எடுத்தது அன்றுதான். பிறகு அதைப் படவரைபாக வரைந்து சுவரில் ஒட்டினோம்.

முதல் பயணத்தில் இன்னொன்றும் நடந்தது. கோட்டை வாசலில் தண்ணீர் குடிக்க நின்றபோது ஒரு பையன், "ரீச்சர், கல்லில் ஏன் மீன் இருக்கிறது?" என்று கேட்டான். அந்த வாசலை எத்தனையோ முறை கடந்திருக்கிறேன், எனக்கு அந்தக் கேள்வி எழுந்ததில்லை. உடனே பதில் சொல்லாமல் வகுப்புக்கு எடுத்து வந்தோம். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு 1624இல் கோட்டை கட்டினார்கள். வாசல் கல்லில் உள்ள அந்த இணைக்கயல், அதாவது இரட்டை மீன், பாண்டியரின் சின்னம். அருகே சிதைந்த தமிழ்க் கல்வெட்டும் உண்டு. குளக்கோட்டன் என்ற மன்னன் இக்கோயிலுக்குச் செய்த திருப்பணியைப் பின்னாளில் பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், பிரிப்பான் என்று கூறும் பாடலின் பகுதி அது என்பார்கள். இரண்டாம் முறை போனபோது எடுத்தவுடன் மானைப் பார்க்க ஒருவரும் ஓடவில்லை. முதலில் எல்லோரும் வாசலில் நின்று, தெரிந்த எழுத்துகளைக் கொப்பியில் பார்த்து எழுதினார்கள். ஒன்பது வயதுப் பிள்ளை கல்லில் 'கு' என்ற எழுத்தைத் தானே கண்டுபிடித்துக் கூவுவதைக் கேட்க வேண்டும். ஒரே இடத்துக்கு இரண்டு முறை போகச் சொல்வது இதற்காகத்தான். முதல் முறை ஆர்வத்தில் கண் அலைந்துவிடும். கேட்பதற்கு ஒரு கேள்வியோடு போகும்போதுதான் பார்வை ஓரிடத்தில் நிற்கும்.

கன்னியா நகரிலிருந்து சுமார் 8 கிலோமீற்றர். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் எல்லாப் பிள்ளைகளுக்குமாகச் செலவை ஏற்றது. அங்கே ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு சற்றே வேறுபடும். முதலில் கையால் தொட்டுச் சூட்டின் வரிசையை எழுதச் சொன்னேன். பிறகு மேல் வகுப்பு ஆய்வுகூடத்தில் இரவல் வாங்கிய வெப்பமானியால் அளந்தோம். கை சொன்ன வரிசை தவறாக இருந்தது. சூடான நீரிலிருந்து எடுத்த கைக்கு அடுத்த கிணறு குளிர்ந்ததாகத் தோன்றியிருக்கிறது. கீழே நெருப்பு எரிகிறதா என்று கேட்டார்கள். மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள வெப்பத்தில் சூடேறி மேலே வருகிறது, இங்கே எரிமலை இல்லை என்றேன். இராவணன் தாயின் ஈமக்கடனுக்காக வாளால் ஏழு இடத்தில் குத்திய கதையையும் சொன்னேன். கதையைக் கதையாகவும் காரணத்தைக் காரணமாகவும் பிள்ளைகள் வைத்துக்கொள்கிறார்கள். பெரியவர்கள்தாம் ஒன்றைச் சொன்னால் மற்றது கெட்டுவிடும் என்று பயப்படுகிறோம்.

திருக்கடலூரில் கரைவலை இழுப்பதைப் பார்த்தோம். சூடை, பாரை, காரல் என்று மீன்களை இனம் பிரிக்கக் கற்றார்கள். கச்சான் எனப்படும் தென்மேல் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும்போது கரையோரம் அலை அடங்கிக் கிடக்கும் என்று அங்கே ஒரு முதியவர் சொன்னதைக் கேட்டு வந்து, பாடசாலைக் கொடிக்கம்பத்தில் ஒரு துணி நாடாவைக் கட்டினோம். தவணை முடியும்வரை தினமும் காலையிலும் பாடசாலை விடும் நேரத்திலும் காற்றின் திசையைக் குறித்தார்கள். செலவு ஒரு முழத் துணி.

பாடம் பின்தங்குமா என்றால், பயணம் போன வாரங்களில் கணிதம் சில பக்கங்கள் பின்தங்கியது உண்மை. அடுத்த வாரத்தில் ஈடுசெய்தேன். சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடம் பின்தங்கவே இல்லை, வெளியே போவதுதான் அந்தப் பாடம். தமிழுக்கோ எழுதுவதற்கு விடயம் தேட வேண்டியிருக்கவில்லை. சில பெற்றோர் புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்துக் கவலைப்பட்டார்கள். தரம் 5 முழுவதையும் அந்தப் பரீட்சை விழுங்கிவிடும் என்பதால்தான் இதைத் தரம் 4இல் செய்கிறேன் என்று அவர்களிடம் நேராகவே சொன்னேன். ஒத்துக்கொள்ளாதவர்களும் இருந்தார்கள். அவர்களையே துணைக்கு அழைத்தேன்.

ஏற்பாடுகள் பற்றிச் சுருக்கமாக: அதிபரின் அனுமதியும் வலயக் கல்வி அலுவலக அனுமதியும் வேண்டும், பெற்றோர் கையெழுத்தையும் முன்கூட்டியே வாங்குங்கள். ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் துணை இருக்கட்டும். கோட்டைக்குள் இராணுவ முகாம் இருப்பதால் இன்றைய கோணேசர் கோயிலுக்குப் போகும் பாதையை விட்டு விலகக் கூடாது என்று புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள். காலை ஏழரைக்குப் புறப்பட்டுப் பத்தரைக்குள் திரும்பிவிடுங்கள், அதற்குமேல் கச்சான் காற்றுக் காலத்து வெயிலைப் பிள்ளைகள் தாங்கமாட்டார்கள். மான்களுக்குத் தின்னக் கொடுக்க வேண்டாம், கொண்டுபோகும் பொலித்தீன் பைகளை எண்ணி எடுத்துச் சென்று எண்ணித் திரும்பக் கொண்டுவாருங்கள். மான்கள் அவற்றை விழுங்கிச் செத்துப்போகின்றன. கன்னியாவுக்கு ஆடி அமாவாசையை ஒட்டிப் போகாதீர்கள். பிதிர்க்கடன் செய்ய வருபவர்களின் கூட்டத்தில் பிள்ளைகள் கிணற்றருகே நிற்கக்கூட இடம் கிடைக்காது.