என் பையன் இரண்டாம் வகுப்பு முடிக்கப்போகிறான், எழுத்துக்கூட்டிப் படிக்க வரவில்லை. வகுப்பில் ஓயாத சேட்டை என்று டீச்சர் சொல்கிறார். டியூஷன் சேர்க்கலாமா?

தொடக்கப்பள்ளியில் ஒன்று, இரண்டாம் வகுப்பு எடுக்கிறவள் என்பதால் பதில் சொல்கிறேன். நீங்கள் இரண்டு புகார் எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். படிக்கத் தெரியாத பிள்ளை நாற்பது நிமிடம் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு என்னதான் செய்வான்? பக்கத்துப் பையனின் பென்சிலைப் பிடுங்குவான். எல்லாச் சேட்டையும் இப்படி வருவதில்லை, தெரியும். ஆனால் "அடங்காத பையன்" என்று முத்திரை குத்துவதற்கு முன்னால், படிப்பில் எந்த இடத்தில் நிற்கிறான் என்று பார்த்துவிடுங்கள்.

பாடப்புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால் ஏமாந்துபோவீர்கள். வகுப்பில் எல்லோரும் சேர்ந்து சத்தமாகச் சொல்லிச் சொல்லிப் பாடம் மனப்பாடம் ஆகியிருக்கும். விரல் வரிமேல் ஓடும், கண் சுவரில் இருக்கும். மூன்றாவது வரியின் கடைசிச் சொல்லில் விரலை வைத்து "இது என்ன?" என்று கேளுங்கள். அப்போது விழிப்பான்.

மாதக் காலண்டரின் பின்பக்கத்தில், கட்டைவிரல் உயரத்துக்கு, ஐந்து வரி எழுதுங்கள். முதல் வரி: படம், மரம், பழம், நகம், வயல். இரண்டாவது: காலம், பாலம், கிளி, விசிறி, மீன். மூன்றாவது: முயல், குருவி, நூல், தும்பி, சுவர். நான்காவது: செடி, தேள், கொடி, கோழி, யானை. ஐந்தாவது: பட்டம், கண்ணாடி, வெண்ணெய், மாம்பழம், நாய்க்குட்டி. ஒரு வரியில் மூன்று சொல் தடுக்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதுதான் அவன் நிற்கும் படி. அதற்கு மேலே உள்ளதை இப்போதைக்குத் தொடவே வேண்டாம்.

முதல் வரியிலேயே நின்றால் அ, ஆ வரிசையை மறுபடி ஒப்பிக்க வைக்காதீர்கள். ஒப்பிப்பது அவனுக்கு வரும். தனியாக ஒரு எழுத்தைக் காட்டினால்தான் வராது. ட, ப, ம மாதிரி வரைய எளிதான நாலைந்து எழுத்தை எடுத்து, படம், மடம், பட்டம் என்று உடனே சொல்லாக்கிவிட வேண்டும்.

மூன்றாவது வரியில்தான் கூட்டம் அதிகமாகத் தேங்கும். உகர வரிசைக்கு ஒரே வடிவம் கிடையாது. சு, பு, வு ஒரு கட்சி. மு, டு, ரு, ளு இன்னொரு கட்சி. து, நு, லு, று மூன்றாவது கட்சி. கு தனிக்காட்டு ராஜா. ஊகாரம் வந்தால் மறுபடி மாறும். ஆகார வரிசைக்கு ஒரு வாரம் போதும் என்றால் இதற்கு மூன்று வாரமாவது ஒதுக்க வேண்டும். பல வீடுகளில் இரண்டுக்கும் ஒரே வாரம் கொடுத்துவிட்டு, "போன வாரம் நல்லாத்தானே படிச்சே" என்று கத்துவார்கள்.

நான்காவது வரியில் சிக்கல் கொம்பு. ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஒலியோ பின்னால் வரும். இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகக் கூட்டும் பிள்ளை "கொடி"யை "கெ, ஆ, டி" என்பான். அவன் தர்க்கம் சரிதான். கொம்பு, எழுத்து, துணைக்கால் மூன்றையும் விரலால் ஒரே கட்டாக மூடித் திறந்து காட்டுங்கள். பாட்டி சொல்லிக்கொடுக்கிறார் என்றால் ஒன்றைக் கவனியுங்கள்: 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் படித்தவர்கள் ணை, லை, னை எழுத்துகளைப் பழைய தும்பிக்கை வடிவத்தில் எழுதிக் காட்டுவதுண்டு. பையன் குழம்புவான். பாட்டியைக் குறை சொல்லவில்லை, அச்சிட்ட சொல்லைக் காட்டச் சொல்லுங்கள், போதும்.

இன்னொரு இடம் யார் கண்ணிலும் படாது. தமிழில் ஒரே எழுத்து இடத்துக்கு இடம் வேறு ஒலி தரும். "கல்"லில் ஒரு க, "தங்க"த்தில் ஒரு க, "பகல்"லில் இன்னொன்று. "ப, க, ல்" என்று சரியாகக் கூட்டிய பிள்ளைக்கும் காதில் கேட்டுப் பழகிய சொல் கிடைப்பதில்லை. அப்போது "தப்பு" என்று சொல்லாமல், "ராத்திரிக்கு எதிர்ப்பதம்" என்று எடுத்துக்கொடுங்கள், சொல்லிவிடுவான்.

நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும். பழைய சொல் பத்து, புதிய சொல் ஐந்து, கடைசியில் ஐந்து சொல் சிலேட்டில் சொல்வதெழுதுதல். விட்டுப்போன புள்ளியை நீங்கள் வைக்காதீர்கள். எழுதியதை அப்படியே வாசிக்கச் சொன்னால் அவனே கண்டுபிடிப்பான்.

அரசுப் பள்ளி என்றால் 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் (சிறு வகுப்புகளுக்கான அடிப்படைக் கற்றல் திட்டம்) பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருப்பார்கள். இரண்டாம் வகுப்புப் பையன் கையில் அரும்பு புத்தகம் இருந்தால் அது அவமானம் இல்லை. "எம் பையனை ஒண்ணாங்கிளாஸ்ல தள்ளிட்டீங்களா" என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. நீங்கள் "எதில் நிற்கிறான், மொட்டுக்குப் போக எது குறைகிறது?" என்று கேளுங்கள். டீச்சருக்கு அந்தக் கேள்வி பிடிக்கும்.

இனி சேட்டை. எப்போது செய்கிறான் என்று டீச்சரைக் கேட்டால் வரும் "எப்பவுமே" என்ற பதிலை ஏற்காதீர்கள். எந்த நேரம், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று இரண்டு வாரம் மட்டும் நோட்டில் ஒரு வரி குறிக்க முடியுமா என்று டீச்சரிடம் தன்மையாகக் கேளுங்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டும் எழுந்து திரிகிறான் என்றால் கண்ணைப் பரிசோதியுங்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்புவதில்லை, அடிக்கடி சளி என்றால் காதைப் பாருங்கள். முதல் பாடவேளையிலேயே என்றால் பசியா என்று பாருங்கள். காலை உணவுத் திட்டம் 15.9.2022-ல் மதுரையில் தொடங்கி, 25.8.2023 முதல் மற்ற அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்துவிட்டது, ஆனால் மணியடிக்கும் நேரத்துக்கு வந்து சேரும் பிள்ளைக்கு உப்புமா கிடைக்காது.

மதியத்துக்கு மேல் நெளிகிறானா? கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பாருங்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தாழ்ப்பாள் இல்லாவிட்டால் சின்னப் பிள்ளைகள் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், தண்ணீரும் குடிக்காது. இதைப் பேசத்தான் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். கூட்டத்தில் சொல்லிவிட்டு வந்தால் போதாது, தீர்மான நோட்டில் எழுத வைத்துவிட்டு வாருங்கள். அதே சட்டம் பிள்ளையை அடிப்பதையும் மனதைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது, ஆகவே "நாலு சாத்து சாத்துங்க டீச்சர்" என்று எங்களிடம் வந்து சொல்லாதீர்கள்.

"சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவர்கள் அறிவுரை சொல்ல வந்துவிட்டார்கள்" என்று யாராவது கீழே எழுதுவீர்கள், எழுதுங்கள். இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு உள்ள பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர் ஐந்தையும் பார்க்க வேண்டும். நடுவில் செயலியில் வருகைப் பதிவு, போட்டோ, கேட்ட புள்ளிவிவரத்தையே மறுபடி கேட்கும் வாட்ஸ்அப் செய்தி. சிக்னல் தேடி மரத்தடிக்குப் போகும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் உங்கள் பையன் பென்சிலைப் பிடுங்குகிறான். கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், சொல்லத் தோன்றியது.

எழுத்தைத் திருப்பிப் போடுவது இந்த வயதில் சகஜம். மூன்றாம் வகுப்பு பாதி தாண்டியும் முதல் வரியே வராமல், எழுத்தும் தலைகீழாகவே வந்தால், தலைமையாசிரியர் மூலம் வட்டார வள மையத்தில் (வட்டாரத்துப் பள்ளிகளுக்கு உதவும் கல்வித்துறை அலுவலகம்) கற்றல் சிரமம் உள்ள பிள்ளைகளைப் பார்க்கும் சிறப்பாசிரியரிடம் காட்டுங்கள்.

டியூஷன் இப்போது வேண்டாம். அங்கே நடப்பது பெரும்பாலும் வீட்டுப்பாடத்தை எழுதி முடித்து அனுப்பும் வேலை. எந்த வரியில் நிற்கிறான் என்று யாரும் பார்ப்பதில்லை. சேர்த்தே ஆக வேண்டிய நிலைமை என்றால் அந்தக் காலண்டர் தாளையும் கொடுத்தனுப்புங்கள், அவன் நின்ற வரிக்கு அடியில் கோடு போட்டு.