முதலில் எர்த், அப்புறம்தான் வயரிங்

கேள்வி: என்னிடம் 2006 மாடல் டீசல் பிக்கப் இருக்கிறது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றுகிறேன். ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, அணைத்தால் இறங்கிவிடுகிறது. பின்பக்க இண்டிகேட்டரோடு டெயில் லைட்டும் சேர்ந்து மினுக்குகிறது. சில நாள் செல்ஃப் 'டக்' என்பதோடு சரி. பேட்டரி புதிது. மொத்த வயரிங்கையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?
— வாசகர், வேடசந்தூர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். லைட்டை அணைத்ததும் முள் இறங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. சூடான இன்ஜின் ஒரு நொடியில் ஆறாது. கோளாறு எர்த்தில், அதாவது கரண்ட் வண்டியின் இரும்பு வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பில். மூன்று தொந்தரவுக்கும் காரணம் அதுதான், இடம்தான் வேறு வேறு: டேஷ்போர்டு, டெயில் லைட், இன்ஜின்.

பல்புக்குக் கரண்ட் ஒயரில் போகிறது, வண்டியின் இரும்பு வழியாகத் திரும்புகிறது. திரும்பும் இடத்தில் துரு இருந்தால், பக்கத்து பல்பின் இழை வழியாகவாவது போகப் பார்க்கும். அதனால்தான் டெயில் லைட் இண்டிகேட்டரோடு சேர்ந்து ஆடுகிறது. காய்கறிக் கூடையிலிருந்து ஒழுகும் தண்ணீர் வருஷக்கணக்கில் அங்கேதான் இறங்கியிருக்கும். பேட்டரி நெகட்டிவிலிருந்து ஒரு தனி ஒயர் இழுத்து லைட்டின் எர்த்தில் தொடுங்கள். மினுக்கல் நின்றால் சந்தேகமே வேண்டாம்.

செல்ஃபுக்கு மல்டிமீட்டர் வேண்டும். 20 வோல்ட் டி.சி.யில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவ் கம்பத்தில். கிளாம்ப் மேல் அல்ல, கம்பத்தின் ஈயத்திலேயே. சிவப்பு முனை இன்ஜின் பிளாக்கில், பெயின்ட் இல்லாத இடத்தில். நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, ஒருவர் செல்ஃப் அடிக்க இன்னொருவர் மீட்டரைப் பார்க்கட்டும். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நல்லது. ஒரு வோல்ட் தாண்டினால் எர்த் கேபிளோ அதன் போல்ட்டோ போய்விட்டது. செல்ஃப் 'டக்' என்று நிற்கும் நாளில் பார்த்தால்தான் பிடிபடும். எர்த் சரியாக இருந்தால் பாசிட்டிவ் கேபிளையும் இப்படியே பேட்டரிக்கும் செல்ஃப் மோட்டாருக்கும் நடுவில் பாருங்கள்.

எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) முன்னால் பெயின்ட் அடிக்கும் புண்ணியவான்கள் எர்த் போல்ட்டையும் விடுவதில்லை. கழற்றி, இரும்பு பளபளக்கும் வரை உப்புத்தாள் போடுங்கள், இறுக்குங்கள், மேலே வாசலின் தடவுங்கள். கேபினிலிருந்து சேஸுக்குப் போகும் எர்த்தையும், டேஷ்போர்டு மீட்டருக்குப் பின்னால் இருக்கும் எர்த்தையும் விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. ஹெட்லைட்டில் 100 வாட் பல்பு போட்டிருக்கிறீர்களா? இரண்டும் சேர்ந்து 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அது பழைய சுவிட்ச் வழியாகவே போனால் சுவிட்ச் உருகும், ரிலே வையுங்கள்; சுவிட்ச் அதை இயக்கினால் போதும், பெரிய கரண்டை அது தாங்கிக்கொள்ளும். ஃப்யூஸுக்குப் பதில் யாராவது செம்புக் கம்பி சுற்றியிருந்தால் இன்றே பிடுங்கிவிடுங்கள்.

ஒயரை மடக்கினால் உறை வெடிக்கிறது, உரித்தால் செம்பு கறுத்திருக்கிறது என்றால், அந்தப் பகுதியை மட்டும் மாற்றுங்கள். வண்டி முழுக்க அப்படி இருந்தால்தான் மொத்த வயரிங் கிட்.