சென்சார் இன்சோல் காட்டும் நடைக் கணக்கை நம்பலாமா?

கேள்வி: என் வாப்பாவுக்கு வயது 63. சர்க்கரை நோய் 12 வருடமாக இருக்கிறது. 8 மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்ததில் இடது காலை இழுத்து நடக்கிறார். துபாயில் இருக்கும் தம்பி, ஷூவுக்குள் வைக்கும் சென்சார் இன்சோல் அனுப்பியிருக்கிறான். ‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது, ஒட்டுறவுக் கெழு 0.98’ என்று பெட்டியில் போட்டிருக்கிறது. இதை வைத்து முன்னேற்றத்தைப் பார்க்கலாமா? – வாசகர், கீழக்கரை

பதில்: பார்க்கலாம். ஆனால் அந்த 0.98ஐ வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒட்டுறவுக் கெழு என்பது இரண்டு அளவுகள் எவ்வளவு சீராகச் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று மட்டும் சொல்லும் எண்; 1 என்றால் முழுப் பொருத்தம். பாதம் தரையில் நின்ற நேரம் உண்மையில் 600, 700, 800 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்வோம். இன்சோல் 660, 770, 880 என்று காட்டினால் கெழு 1 வந்துவிடும். அத்தனை அளவும் 10 சதவீதம் கூடுதல் என்பது அதில் தெரியாது. 1986இல் புள்ளியியலாளர்கள் பிளாண்ட், ஆல்ட்மன் இருவரும் லான்செட் மருத்துவ இதழில் இதைத்தான் விளக்கினார்கள்: இரண்டு கருவிகளின் வித்தியாசத்தை எடுத்து, அதன் சராசரியையும் அது எந்த எல்லைக்குள் ஆடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அந்த எல்லை கூட்டியும் குறைத்தும் 40 மில்லி விநாடி என்றால், வாப்பாவின் நடையில் வரும் 30 மில்லி விநாடி மாற்றத்தை ஒரு தடவை அளந்து கண்டுபிடிக்க முடியாது.

அடுத்து, யாரை நடக்கவைத்துச் சோதித்தார்கள் என்று கேளுங்கள். இதுதான் உங்கள் விஷயத்தில் முக்கியம். நல்ல கால் குதிகாலை முதலில் ஊன்றும், பிறகு விரலால் உந்தும். பல கருவிகளின் கணக்கு இந்த வரிசையை நம்பித்தான் இருக்கிறது. பக்கவாதம் வந்த காலில் முன்பாதமோ பாதத்தின் வெளி ஓரமோ முதலில் படும். கால் காற்றில் இருக்க வேண்டிய நேரத்திலும் விரல் தரையை உரசும். அப்போது கருவி ஒரு காலடியை விட்டுவிடும், அல்லது ஒன்றை இரண்டாக எண்ணும். இளைஞர்களிடம் சோதித்துக் கிடைத்த நல்ல மதிப்பெண் உங்கள் வாப்பாவின் இடது காலுக்குப் பொருந்த வேண்டியதில்லை.

காலடி எண்ணிக்கை, ஊன்றும் நேரம் போன்றவை பொதுவாக ஓரளவு சரியாக வரும். அழுத்த அளவை அப்படி நம்ப முடியாது. சூட்டிலும் வியர்வையிலும் சென்சாரின் அளவு மெல்ல நகரும். நம் கடலோரப் புழுக்கத்தில் இதை மறக்கக் கூடாது. பாதம் பக்கவாட்டில் இழுபடும் விசையைப் பெரும்பாலான இன்சோல்கள் அளப்பதே இல்லை.

வீட்டிலேயே சரிபார்க்கலாம். சமதளத்தில் 10 மீட்டர் குறித்து, தொடக்கத்திலும் முடிவிலும் 2 மீட்டர் கூடுதலாக விடுங்கள். மணலில் வேண்டாம், பாதம் புதைந்து அழுத்தம் பரவிவிடும். இன்சோலை மாட்டி 5 நிமிடம் நடந்தபின், ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பிடித்து, கருவி காட்டும் அழுத்தத்தைப் பூஜ்யமாக்குங்கள். வாப்பா உட்கார்ந்தபடி தூக்கட்டும். நடக்கும்போது கைத்தாங்கலாக ஒருவர் கூடவே வரட்டும். ஒவ்வொரு முறையும் அதே ஷூ, அதே கைத்தடி. மூன்று நடை. பக்கவாட்டிலிருந்து போனில் வீடியோ எடுத்து காலடிகளை எண்ணுங்கள். கருவியின் எண்ணிக்கை வீடியோவோடு ஒத்துப்போகாவிட்டால் மற்ற எண்களை நம்ப வேண்டாம்.

கூடவே 10 மீட்டரை எத்தனை விநாடியில் கடக்கிறார் என்று குறியுங்கள். 20 விநாடி என்றால் விநாடிக்கு 0.5 மீட்டர். 0.4க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் வீட்டுக்குள் நடமாட்டம்தான், 0.8ஐத் தாண்டினால் தெருவில் தடையின்றி நடமாட முடியும். உங்கள் பிசியோதெரபிஸ்ட்டிடம் இந்த எண்ணையும் வீடியோவையும் காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் அசட்டையாக விடாதீர்கள். 12 வருடச் சர்க்கரையில் பாதம் மரத்திருக்கலாம். இன்சோல் வைத்தால் ஷூ இறுகும், அதன் ஒயரோ மடிப்போ உறுத்துவது அவருக்குத் தெரியாது. முதல் நாள் 15 நிமிடம் போதும். கழற்றியதும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். சிவப்பு 20 நிமிடத்தில் மறையாவிட்டால் அந்த இன்சோலை நிறுத்திவிட்டு, பாதத்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.