மார்க்கோவ் சங்கிலியை வைத்து ஒரு நூலை எழுதியவர் யாரென்று சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும், கையில் போதிய எழுத்து இருந்தால்.

1913இல் ரஷ்யக் கணிதவியலர் ஆந்திரேய் மார்க்கோவ், புஷ்கினின் ‘எவ்கேனி ஒனேகின்’ கவிதைப் புதினத்தில் 20,000 எழுத்துகளைக் கையாலேயே எண்ணினார். உயிரா மெய்யா என்பது மட்டும்தான் கணக்கு. மொத்தத்தில் உயிர் 43 சதவீதம். ஆனால் ஓர் உயிரை அடுத்து மீண்டும் உயிர் வருவது சுமார் 13 சதவீதமே. மெய்யை அடுத்து என்றால் 66. அடுத்த எழுத்தின் வாய்ப்பு முந்தைய எழுத்தைப் பொறுத்தது என்பதுதான் சங்கிலி.

ஆசிரியரை அறிய, எல்லா எழுத்துச் சோடிகளுக்கும் இப்படியோர் அட்டவணையை ஒவ்வொருவரின் நூல்களிலிருந்தும் தயாரிப்பார்கள். சந்தேகத்துக்குரிய பகுதி யாருடைய அட்டவணையோடு அதிகம் பொருந்துகிறது என்று பார்ப்பார்கள். சொற்களின் பொருள் துளியும் தேவைப்படுவதில்லை என்பதே எனக்கு வியப்பு.

1915இல் நிக்கொலாய் மொரோசொவ் (நெடுங்காலம் சிறையில் கிடந்த புரட்சியாளர்) சிறு சொற்களை எண்ணியே ஆசிரியரைப் பிடித்துவிடலாம் என்றார். மார்க்கோவ் விடவில்லை. மாதிரி மிகச் சிறியது, ஒரே ஆசிரியரின் எழுத்துக்குள்ளேயே எண்ணிக்கை ஏறி இறங்கும் என்று மறுத்தார். மறுப்பு இன்றும் செல்லும். அரைப்பக்க மொட்டைக் கடிதத்தை எழுதியவரை இந்த முறையில் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.